எது முதலில்? வானூரிலிருந்து ஒரு செயலி கிளம்பினால்…

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்கு வானூர் வட்டம் ஜன்னல் வழியாகப் பார்த்த ஊர்தான். சவுக்குத் தோப்பு, முந்திரி, ஜல்லி ஏற்றிய லாரிகள், கிளியனூர், திருச்சிற்றம்பலம் கூட்ரோடு. அதற்குள் புதுச்சேரி வந்துவிடும். அந்தத் திருச்சிற்றம்பலத்துக்கு 2024 பிப்ரவரி 17 அன்று ஒரு புது அடையாளம் கிடைத்தது. ₹31 கோடி செலவில், 63,000 சதுர அடியில் கட்டிய மினி டைடல் பூங்காவை அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். சென்னைக்கு வெளியே சிறு நகரங்களுக்கென்று அறிவித்த ‘டைடல் நியோ’ வரிசையில் முதலில் கதவு திறந்தது இங்கேதான். தஞ்சாவூருக்கும் சேலத்துக்கும் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது, தூத்துக்குடிக்கு டிசம்பரில். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் எழுந்தபோது, இந்தப் பெயர் ஒருநாள் மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்து வட்டத்துக்கும் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

சுமார் 500 பேர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பது அந்தக் கட்டடத்தின் கணக்கு. வெளிநாட்டுக் கம்பெனிக்கு இங்கிருந்தபடியே வேலை பார்ப்பவர்கள் பார்க்கட்டும். மயிலம், கிளியனூர் பக்கத்திலிருந்து டூவீலரில் வந்துபோகிற இரண்டு மூன்று பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு செயலி பண்ண நினைத்தால்? ‘இன்றைக்கு எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும்’ என்று வரிசைப்படுத்தித் தரும் செயலி, அநேகமாக அவர்கள் மேஜைக்கு வரும் முதல் யோசனைகளில் ஒன்றாக இருக்கும். காரணம் இருக்கிறது. மிருதங்கம் பழகுகிறவருக்கு தத்தித்தொம்நம் எப்படியோ, புரோகிராமிங் பழகுகிறவருக்கு டூ-டூ லிஸ்ட் அப்படி. ஒரு வேலையைச் சேர், முடித்ததும் டிக் அடி, வேண்டாததை அழி. கற்றுக்கொள்ளும்போதே ஒருமுறை எழுதிப் பார்த்தது.

வெளியிடுவதற்கும் பெரிய செலவு இல்லை. கூகுள் ப்ளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒரே ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும். ஆப்பிளுக்கு வருஷத்துக்கு 99 டாலர். காசு வர ஆரம்பித்தால் ஆண்டுக்கு முதல் 10 லட்சம் டாலர் வரை கூகுள் எடுத்துக்கொள்வது 15 சதவிகிதம். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் இயக்கம் ‘டான்சீட்’ திட்டத்தில் புதுத் தொழில்களுக்கு ஆதார நிதி தருகிறது. வழி இவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதால்தான் சந்தையில் இவ்வளவு கூட்டம்.

பெர்லினில் நடந்தது

2010 நவம்பரில் பெர்லினில் ஒரு சிறு நிறுவனம் ‘வுண்டர்லிஸ்ட்’ என்ற செயலியை வெளியிட்டது. மளிகைச் சாமான் முதல் கல்யாண ஏற்பாடு வரை எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். முடித்துவிட்டுத் தட்டினால் ‘டிங்’ என்று ஒரு மணி. அந்த மணிச் சத்தத்துக்காகவே சின்னச் சின்ன வேலைகளைச் செய்து முடித்தவர்கள் உண்டு. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் வேலைகள் அதற்குள் போய்ச் சேர்ந்தன. 2015-ல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. விலை 10 கோடி டாலருக்கு மேல் என்று அப்போது செய்திகள் வந்தன. வாங்கியவர்கள் 2017-ல் ‘மைக்ரோசாஃப்ட் டூ டூ’ என்று தங்கள் பெயரில் இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். 2019-ல் வுண்டர்லிஸ்ட்டின் நிறுவனர் கிறிஸ்டியன் ரீபர், ‘மூட வேண்டாம், நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்’ என்று ட்விட்டரில் ஊரறியக் கேட்டார். நடக்கவில்லை. 2020 மே 6 அன்று வுண்டர்லிஸ்ட் மூடப்பட்டது.

ஆள் சேராமல் மூடிய கடை இல்லை இது. ஆள் சேர்ந்ததால் விலைபோன கடை. பத்து வருஷமாக எழுதிவைத்த பட்டியலைப் பயனாளிகள் பெட்டி படுக்கையோடு வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. வானூர் செயலியின் முதல் பதிப்பிலேயே, ‘என் பட்டியலை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்’ என்பவருக்கு ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பேன். ஒருவர் எழுதிவைக்கும் வேலைப் பட்டியலில் டாக்டர் பெயர் இருக்கும், வக்கீல் பெயர் இருக்கும், அடகுக்கடை ரசீது எண் இருக்கும். டைரியைவிட அந்தரங்கமான பொருள் அது.

வரிசைப்படுத்தும் வித்தையில் புதிதாக எதுவும் பெரிதாக வந்துவிடவில்லை. 1918 வாக்கில் ஐவி லீ என்ற ஆலோசகர் பெத்லஹேம் ஸ்டீல் முதலாளி சார்லஸ் ஷ்வாபுக்குச் சொன்னதாக ஒரு கதை உண்டு. நாளைக்குச் செய்ய வேண்டிய ஆறு வேலைகளை இன்று மாலையே முக்கியத்துவப்படி எழுது, காலையில் முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடாதே. யோசனைக்கு ஷ்வாப் 25,000 டாலர் காசோலை அனுப்பினாராம். 1954-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர், ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதென்று கூறி, அவசரமானதையும் முக்கியமானதையும் பிரித்துப் பேசினார். 1989-ல் ஸ்டீஃபன் கோவி தன் புத்தகத்தில் அதை நான்கு கட்டமாகப் போட்டுக் கொடுத்தார். இன்றைய செயலிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்தான். நிறம் மாறும், எழுத்து மாறும், இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒரு பொட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

ஷ்வாப் ஒரு எஃகு ஆலையின் முதலாளி. அவர் நாள் அவர் கையில் இருந்தது. முதல் வேலை எது என்று அவர் தீர்மானித்தால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். திருச்சிற்றம்பலத்திலிருந்து கிழக்கே கடல்வரை வரும் ஊர்களில் அப்படிப்பட்ட நாள் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

டிகிரி சொல்லும், செய்ய வேண்டும்

மரக்காணம் உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாக உப்பு என்றால் சொல்லப்படும் பெயர். தை, மாசியில் பாத்தியைச் சேறு வாரி, மிதித்துச் சமன்செய்வதில் தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை இறங்கும்வரை ஓடும்.

கடல்நீரின் அடர்த்தி போமே கணக்கில் 3 டிகிரி சொச்சம். பாத்தி பாத்தியாக நின்று வெயிலில் சுண்டி, 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30 என்று ஏறவிட்டால் மக்னீசியமும் சேர்ந்து படியும், உப்பு கசக்கும். அதாவது இந்தப் பக்கம் 25, அந்தப் பக்கம் 29. நடுவில் இருக்கிற இடைவெளிதான் வேலை. வெயில் ஏறினால் உப்பு வெள்ளையில் கண் கூசும், கால் வெந்துபோகும் என்பதால் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நீளக் கழியில் செருகிய பலகையால் தண்ணீருக்கு அடியில் படிந்ததை வாரி வரப்போரம் இழுப்பார்கள். அடியிலிருக்கும் சேறு கலங்காமல் வார வேண்டும், கலங்கினால் உப்பு பழுப்பாகிவிடும், விலை போகாது. நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே குவியல், அதன்மேல் கீற்று அல்லது தார்ப்பாய்.

இதற்கிடையில் மேற்கே கருத்தால் எல்லா வரிசையும் தலைகீழ். வாருவதை நிறுத்திவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும், வாரியதை மூட வேண்டும். ஒரு கோடை மழை பாத்தியில் படிந்ததைக் கரைத்து, டிகிரியையும் இறக்கிவிட்டுப் போகும். மறுபடி வெயிலைப் பார்த்துக் காத்திருப்பதுதான். இந்த முடிவுகளையெல்லாம் எழுதிவைத்து எடுப்பவர்கள் யாரும் இல்லை. தண்ணீரின் நிறம், காற்றின் திசை, கால் விரலில் படுகிற பரல். அவ்வளவு போதும்.

இவர்களுக்குச் செயலி எதற்கு என்று கேட்கலாம். வேலை வரிசைக்குத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். அதில் அவர்கள் நமக்குப் பாடம் எடுப்பார்கள். வேலை இல்லாத மாதங்களுக்குத்தான் தேவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளம் தண்ணீரில் கிடக்கும். அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ₹5,000 நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. அந்தத் தொகைக்கு வேண்டிய காகிதம், நகைக்கடன், பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம், குழுக் கடன் தவணை என்று தள்ளிப்போட்டதெல்லாம் அந்த மூன்று மாதத்தில்தான் வரிசைகட்டி நிற்கும்.

அவசரம் முக்கியமானதை எப்படிப் பின்னுக்குத் தள்ளுகிறது என்பதற்கு நகைக்கடன் ஒரு நல்ல உதாரணம். 2018-ல் மெங் ஜூ, யாங் யாங், கிறிஸ்டோபர் சீ என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு வேலைக்குப் பலன் அதிகம், மற்றொன்றுக்குக் குறைவு. குறைந்ததன்மேல் ‘நேரம் முடியப்போகிறது’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும், பலரும் ஓடிப்போய் அதையே எடுக்கிறார்கள். கெடு வெறும் வேஷமாக இருந்தாலும் அப்படித்தான். நம் வீட்டில் பார்க்கலாம். போன் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று நாளுக்கு நான்கு முறை செய்தி வரும், அதை உடனே செய்துவிடுவோம். கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நான்கு பவுன் சங்கிலி சத்தமே போடாது. வருஷம் முடிந்து ஏல நோட்டீஸ் வரும்போதுதான் ஞாபகம் வரும். எது சத்தம் போடுகிறதோ அதை மேலே தூக்கிவைக்கும் செயலி, நம் பலவீனத்துக்குக் கைத்தடி கொடுக்கிற வேலையைத்தான் செய்கிறது. சங்கிலியை மீட்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, ‘வாரத்துக்கு இவ்வளவு எடுத்துவை’ என்று சொல்லத் தெரிந்த செயலியாக இருந்தால் அதற்கு மாதம் 20 ரூபாய் கொடுக்க ஆள் இருக்கும்.

ஒலிபெருக்கி வைத்த ‘செயலி’

இந்தப் பகுதியில் இப்படிப்பட்ட செயலிக்கு ஒரு முன்னோடி உண்டு, ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதி கொடுத்தது. முதலில் ஊர் ஊராகப் போய், உங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று கேட்டார்கள். டெலிபோன் லைன் நம்ப முடியாத காலம், கரன்ட்டும் அப்படியே. கம்பியில்லா ரேடியோவையும் சூரிய மின்தகட்டையும் வைத்துக்கொண்டு ஊர்களை இணைத்தார்கள். மையத்தை நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதிலும் பெண்கள் நிறையப் பேர்.

வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு விஷயம்தான்: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அந்தக் கணிப்பு கிடைத்தது. இறக்கி, தமிழில் எழுதி, கடற்கரை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போவதா, வலையை உட்கார்ந்து பொத்துவதா என்பதை அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது வரை போனது அந்தத் திட்டம். பின்னாளில் அதே நிறுவனம் ‘ஃபிஷர் ஃப்ரெண்ட்’ என்று மீனவர்களுக்குக் கைப்பேசிச் செயலியே கொண்டுவந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் தருகிற அலை, காற்று, மீன் திரளும் இடம் பற்றிய விவரங்கள் அதில் வரும்.

நூறு வேலையைக் கொட்டி வரிசைப்படுத்தச் சொல்லவில்லை வீராம்பட்டினத்தில். ஒரு கேள்வி, ஒரு பதில், அதுவும் முதல்நாள் மாலையிலேயே. அந்த ஒரு பதில் வந்ததும் மிச்ச வேலைகள் தானாகவே இடத்தில் போய் உட்கார்ந்தன. வேலை வரிசைச் செயலிகளை எழுதுகிறவர்கள் பெர்லினைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கிற இதைப் பார்க்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் பெரும்பாலான பணியிடங்களில் செயலியில்தான் வருகைப்பதிவு என்றானது. நாளுக்கு இரண்டுமுறை, வேலையிடத்திலிருந்தே போட்டோவோடு. சிக்னல் இல்லாத ஏரிக்கரையில் வேலை முடிந்தபிறகும் போட்டோவுக்காக நிற்க வேண்டிவந்தது. அங்கன்வாடி ஊழியருக்கு 2021 முதல் போஷன் டிராக்கர். சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, அதைப் பதிவேட்டில் எழுதுவது, பிறகு போனில் ஏற்றுவது. குழந்தை அழுகிறது, செயலி சுற்றுகிறது. எதை முதலில் பார்ப்பது? இந்தச் செயலிகளும் வேலையை வரிசைப்படுத்துகின்றன. மேலிருப்பவருக்கு வேண்டிய வரிசையில். கீழே இருப்பவரின் நாளில் இன்னொரு வேலை கூடுகிறது, பட்டியலில் எதுவும் குறைவதில்லை. ஒரு செயலி யாருக்காக வரிசைப்படுத்துகிறது என்பதை அதன் விளம்பரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கம்பெனிகள் காசு கொடுக்கும் பக்கத்தில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏற்கெனவே கொடி நாட்டியிருக்கிறார்கள். ஜோஹோ 2006-லேயே ‘புராஜெக்ட்ஸ்’ என்ற வேலை நிர்வாக மென்பொருளைக் கொண்டுவந்தது. 2011-ல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, கிராமத்திலிருந்தும் சாஃப்ட்வேர் எழுதலாம் என்று காட்டியது. கடலூர்க்காரரான சுரேஷ் சம்பந்தம் ஆரஞ்ச்ஸ்கேப்பைத் தொடங்கி, 2012-ல் ‘கிஸ்ஃப்ளோ’வை வெளியிட்டார். ஒரு விண்ணப்பம் யார் மேஜையில் நிற்கிறது, அடுத்தது யார் என்று ஓட்டிப்போகும் மென்பொருள். இரண்டு பேருக்கும் காசு வந்தது நிறுவனங்களிடமிருந்து. தனிமனிதரின் நாளை நம்பிக் கடை விரிப்பது இதைவிடக் கடினமான வியாபாரம்.

வெளியீட்டு நாள் கூட்டத்தை நம்பி ஏமாறவும் வேண்டாம். ஜோஹோவின் ‘அரட்டை’ என்ற மெசேஜிங் செயலி 2021-ல் வந்தது. 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று பேச்சாகி, நாளுக்கு 3,000 ஆக இருந்த புதுச் சேர்க்கை மூன்றே நாளில் 3,50,000 ஆனதாக ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு சொன்னார். சில வாரங்களில் தரவரிசையில் அது இறங்கியதும் செய்தியானது. அவ்வளவு பெரிய நிறுவனமே அலை வந்த பிறகுதான் சர்வரைக் கூட்ட ஓடியது.

ஆணியில் தொங்கும் போட்டியாளர்

வானூர் செயலிக்கு உண்மையான போட்டி சான்ஃபிரான்சிஸ்கோவில் இல்லை, சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. தினசரி காலண்டர், அல்லது ஜவுளிக்கடை கொடுத்த மாதக் காலண்டர். சிலிண்டர் மாற்றிய தேதிக்கு ஒரு வட்டம். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. குழுக் கூட்டத்துக்கு ‘கு’. பின்பக்கம் எலெக்ட்ரீஷியன் நம்பர். பக்கத்தில் ராகுகாலம், எமகண்டம், கிருத்திகை, பௌர்ணமி. சார்ஜ் போட வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், வீட்டில் எல்லோரும் பார்க்கலாம்.

இந்தக் காலண்டருக்குத் தெரிந்த நாளை எந்த வெளிநாட்டுச் செயலிக்கும் தெரியாது. ‘ஆடி கழியட்டும்’ என்று ஒத்திப்போட்ட வேலைக்கு ஆவணி முதல் வாரத்தில் உயிர்வர வேண்டும். பௌர்ணமியன்று திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயில் பாதையில் பஸ் நெரியும், அன்று அந்தப் பக்கத்துக்குச் சரக்கு அனுப்பும் வேலையை வைக்கக் கூடாது. மயிலத்தில் கிருத்திகை என்றால் அந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கு வேறு நாள். இதையெல்லாம் பட்டனில் தட்டச் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள், குரலில் சொல்ல வேண்டும். ‘பொழுது சாய அத்தை வீட்டுக்குப் போய் பாத்திரம் வாங்கணும்’ என்றால் செயலிக்குப் புரிய வேண்டும். அத்தை எந்த ஊர் என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

நேரக் கணக்கும் ஒரு சிக்கல். கனடாவில் 1994-ல் வந்த ஓர் ஆய்வில், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 34 நாள், எடுத்துக்கொண்டது 55 நாளுக்கு மேல். தாலுகா ஆபீஸில் ஒரு சான்றிதழ் வாங்க ‘அரைமணி’ என்று எழுதிவைக்கிற நம் ஜனங்களை அந்த ஆய்வாளர்கள் பார்க்கவில்லை. செயலி முதல் மாதம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாவது மாதம், ‘போன தடவை இதற்கு இரண்டு நடை ஆச்சு’ என்று சொன்னால் போதும்.

சில நாளில் அது வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணிநேரத்தில் 50 சென்டிமீட்டரைத் தாண்டி மழை. மாட்டை மேட்டுக்கு ஓட்டி, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பாலிதீன் கவரில் சுற்றிப் பரணில் போட்டுக்கொண்டிருந்த ராத்திரி அது. அந்த நேரத்தில் ‘இன்று 4 வேலைகள் பாக்கி’ என்று போன் மினுங்கினால், புயல் ஓய்ந்ததும் முதல் காரியமாக அந்தச் செயலியை அழித்துவிடுவார்கள்.

பன்னிரண்டு பேர், பதினான்கு நாள்

இப்போது வெளியீட்டுக்கு வருவோம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கூகுளில் தனிநபராகக் கணக்குத் திறப்பவர்கள், செயலியைப் பொதுவில் விடுவதற்கு முன் குறைந்தது 12 பேரைச் சோதனைக்குச் சேர்த்து, தொடர்ந்து 14 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 கடைசியில் 12 ஆகக் குறைத்தார்கள். நிறையப் பேர் இதைத் தொந்தரவு என்று நினைக்கிறார்கள். காசு கொடுத்து முன்பின் தெரியாத 12 பேரைப் பிடித்துத் தரும் வியாபாரமே இணையத்தில் நடக்கிறது. கல்லூரித் தோழர்களைச் சேர்த்து ஒப்பேற்றுவது இன்னும் சுலபம்.

என்னைக் கேட்டால் மொத்தத் திட்டத்திலும் பயனுள்ள பகுதி இந்த விதிதான். அந்த 12 பேரையும் கூட்ரோட்டைச் சுற்றியே பொறுக்கலாம். டீக்கடை வைத்திருக்கும் அம்மா, ஒரு அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ஆரோவில்லுக்குத் தினம் வேலைக்குப் போய்வரும் தச்சர், வேர்க்கடலை போட்டிருக்கும் விவசாயி, ஜல்லி லாரி டிரைவர், மகளிர் குழுவின் கணக்காளர், பிளஸ் டூ மாணவி, உப்பளத்தில் கூலிக்கு வாரும் ஒருவர், அவருக்குக் கூலி கொடுக்கும் குத்தகைதாரர், டைடல் கட்டடத்திலேயே வேலை பார்க்கும் ஒருவர், அவருடைய அம்மா. கடைசி இருவரும் ஒரே வீடு. மகனின் பட்டியலில் எட்டு வேலை இருக்கும், அதில் ஐந்தை அம்மாதான் செய்வார். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் செயலி எங்கே இடறுகிறது என்று கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பதினைந்தாம் நாள் பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் போக வேண்டும், கூகுள் படிவம் அனுப்பிக் கேட்கக் கூடாது. எத்தனை வேலை முடித்தீர்கள் என்ற கேள்வியையும் விட்டுவிடலாம், அதற்குச் செயலியிலேயே பதில் இருக்கும். இந்த இரண்டு வாரத்தில் எதைச் செய்யாமல் விட்டீர்கள், விட்டதில் எது பரவாயில்லை, எது உறுத்துகிறது என்று கேட்கலாம். உறுத்துகிற ஒன்று பட்டியலில் ஏறவே இல்லை என்றால், ஏன் ஏறவில்லை என்பதுதான் இரண்டாவது பதிப்பின் வேலை. பன்னிரண்டில் நான்கு பேர் மட்டும் இன்னும் திறந்து பார்க்கிறார்கள் என்றால் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பார்ப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு, நிறுத்திவிட்ட எட்டுப் பேரிடமும் மறுபடி ஒருமுறை உட்கார வேண்டும், அதிலும் முதல் நாளே அழித்தவரிடம் முதலில்.